எந்த மதிப்பெண்ணை அனுப்புவது

கல்கத்தா நியூ டவுனில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் மெதுவாகத்தான் ஏறும். போன மாதம் அதில் ஒரு பெண்மணி, வங்காளிகள் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி மாஷிமா என்று கூப்பிட்டு, என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாஷிமா, நீங்க ஸ்கூல்ல வெளிநாட்டு காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் பார்த்தவங்களாமே? என் பையன் எஸ்.ஏ.டி. ரெண்டு தடவை எழுதியிருக்கான். போன்ல ஒரு ஆப் இருக்கு. மார்க்கைப் போட்டா, எதை அனுப்பணும் எதை மறைக்கணும்னு அதுவே சொல்லிடுது. நம்பலாமா?"

அவர் இறங்க வேண்டிய மாடி வந்துவிட்டது. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பதிலுக்கு நின்றார். 'மறைக்கணும்' என்ற சொல் எனக்கு உறுத்தியது. "சாயங்காலம் பையனோட வீட்டுக்கு வாங்க, பேசலாம்" என்றேன்.

வந்தார்கள், பேசினோம். ஆனால் அன்றைக்கு முழுவதும் என் நினைவில் இருந்தது சுதேஷ்ணாதான். அவளிடம் நான் வேலை பார்த்த வருஷங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். இங்குள்ள தமிழ் நண்பர்கள் தங்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஒரு சாக்குக் கிடைத்தது.

என் அப்பா துறைமுகத்தில் வேலைக்கு மாற்றலாகி வந்ததில் நாங்கள் கல்கத்தாக்காரர்கள் ஆனோம். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பல வருஷம் சுண்ணக்கட்டித் தூளைத் தின்றபின் தொண்டை கெட்டது. டாக்டர் வகுப்பில் கத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிரின்சிபால் என்னை மாடியில் இருந்த கவுன்சலிங் அறைக்கு மாற்றினார். பிளஸ் டூ முடித்து வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்டும் அறை அது. அதன் தலைவி சுதேஷ்ணா. வயதில் என்னைவிட நன்றாக இளையவள். நான் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டேன். அவள் என்னை மீனா-தி என்றாள், மீனா அக்கா என்று அர்த்தம். ஆனால் அறைக்குள் யார் மேலதிகாரி என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எஸ்.ஏ.டி. என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகள் பல இந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. முதலில் ஆங்கிலம், பிறகு கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எண்ணூறு. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. சில கல்லூரிகள், "உனக்குப் பிடித்த தடவையின் மதிப்பெண்ணை மட்டும் அனுப்பு" என்று சொல்லும். சில கல்லூரிகள் எல்லாத் தடவையையும் வாங்கிக்கொண்டு, ஒன்றிலிருந்து நல்ல ஆங்கிலத்தையும் இன்னொன்றிலிருந்து நல்ல கணக்கையும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். சில, "மதிப்பெண்ணே அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை" என்னும். மிகச் சில, "எத்தனை முறை எழுதினாயோ அத்தனையும் அனுப்பு" என்று கண்டிப்பாகச் சொல்லும். போன வருஷம் ஒன்று சொன்ன கல்லூரி இந்த வருஷம் வேறு சொல்லும். பெற்றோர்களுக்குத் தலை சுற்றும். எனக்கும் முதல் வருஷம் சுற்றியது.

சுதேஷ்ணாவின் முறை எளிமையானது. ஆனால் அதிலிருந்து அவள் இம்மியும் நகர மாட்டாள். மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாணவனுக்குப் பக்கத்திலேயே உட்காருவாள். கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பி வைப்பாள். விண்ணப்பிக்கிற கல்லூரியின் இணையப் பக்கத்தை அன்றைக்கு, அந்த நிமிஷம் திறக்கச் சொல்வாள். மதிப்பெண் பற்றிய விதியை அவனையே வாய்விட்டு வாசிக்கச் சொல்வாள். முடித்ததும், "ஆபார் பொடோ" என்பாள். திரும்பப் படி என்று. இரண்டாம் தடவை வாசிக்கும்போதுதான் பிள்ளைகளுக்கு 'அனுப்பலாம்' என்பதற்கும் 'அனுப்ப வேண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும். அதற்குப் பிறகு, "சரி, நீ என்ன முடிவு பண்றே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். அந்த மௌனம் எவ்வளவு நீண்டாலும் குறுக்கே பேச மாட்டாள். அப்பாவோ அம்மாவோ பதில் சொல்ல வாயெடுத்தால், லெபு சா கொண்டுவரச் சொல்லி அவர்கள் கையில் கோப்பையைக் கொடுத்துவிடுவாள். எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்ட அந்தச் சூடான தேநீரைக் குடித்துக்கொண்டே யாராலும் அவசரமாகப் பேச முடியாது.

நல்ல மார்க், மோசமான மார்க் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. "இது இந்த இடத்துக்கு உதவும், இது உதவாது" என்பாள்.

ஒரு தடவை சேலைக்கடை முதலாளி ஒருவர் மகனோடு வந்தார். பையன் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது வாங்கியிருந்தான். ஆயிரத்து அறுநூறுக்கு அவ்வளவு வாங்கிய பிள்ளையை நாலாவது தடவை எழுதவைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பையன் முகத்தில் ரத்தமே இல்லை. சுதேஷ்ணா அவரை மாமா முறை வைத்துக் கூப்பிட்டு, "மேஷோமஷாய், கடையில ஒரு பனாரஸ் சேலையை வாடிக்கையாளர் பிடிச்சுப்போய் கையில எடுத்தாச்சு. அப்புறமும் நீங்க புதுசு புதுசா விரிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். "காட்ட மாட்டேன். குழம்பிப்போய் அதையும் வெச்சிட்டுப் போயிடுவாங்க" என்றார். பையன் அன்றைக்கு விளையாடப் போனான்.

கோவிட் முடிந்த கையோடு வந்த வருஷங்களில் ஒரு பையன், சௌம்யா என்று பெயர். வங்காளத்தில் அது ஆண்பிள்ளைப் பெயர். பள்ளியில் முதல் மாணவன், ஆனால் எஸ்.ஏ.டி.யில் சுமாராக வந்திருந்தது. அவன் கேட்ட கல்லூரி, மதிப்பெண் அனுப்புவது உன் விருப்பம் என்றது. "அனுப்பலைன்னா பொய் சொன்ன மாதிரி ஆகாதா?" என்று அவன் கேட்டான். சுதேஷ்ணா அன்றைக்குச் சொன்னதுதான் எனக்கு அந்த வேலையின் அடிப்படையாக ஆகிவிட்டது. "அவங்க கேக்காததைச் சொல்லாம இருக்கறது உன் உரிமை. கேட்டதைச் சொல்லாம இருந்தா அது பொய். இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு பார்க்கத்தான் படிக்கச் சொன்னேன்." அவன் அனுப்பவில்லை. இடம் கிடைத்தது.

இப்போது நிவேதிதாவைப் பற்றி. இதை எழுதுவதற்கு அவளிடம் கேட்டேன். "இப்ப எழுதலாம் ஆன்ட்டி, அப்பாவும் சரின்னுட்டார். பேரை மட்டும் மாத்திடுங்க" என்று பதில் வந்தது. மாற்றியிருக்கிறேன்.

அவள் தமிழ்ப் பெண். அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் அதிகாரி. காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் அலுவலகக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அம்மா வீட்டோடு டியூஷன் எடுத்தார். நிவேதிதாவுக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். சிநேகிதிகள் நிபேதிதா என்று கூப்பிடுவார்கள், அவளும் அப்படியே திரும்புவாள். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள், அதுவும் சுற்றிலும் யாரும் இல்லாதபோது.

நீர் சம்பந்தமான பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆற்று மண் எப்படி நகர்கிறது, ஹூக்ளி ஏன் தூர்ந்துபோகிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் பேசுவாள். அதற்குப் பேர்போன பல்கலைக்கழகம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. முழு உதவித்தொகையும் தரும். ஆனால் எழுதிய எல்லாத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்கிற கண்டிப்பான இடம். அதைத் தவிர இன்னும் சில கல்லூரிகள் அவள் மனதில் இருந்தன.

அவள் மூன்று முறை எழுதியிருந்தாள். கோடையில் எழுதியதில் ஆங்கிலம் அறுநூற்று அறுபது, கணக்கு எழுநூற்றுப் பத்து. அக்டோபரில் பூஜை விடுமுறையை ஒட்டி எழுதிய மூன்றாவதில் ஆங்கிலம் எழுநூற்று முப்பது, கணக்கு எழுநூற்று நாற்பது. நடுவில் ஆகஸ்டில் எழுதியதுதான் விசித்திரம். கணக்கில் எழுநூற்றுத் தொண்ணூறு. ஆங்கிலத்தில் நானூற்று எண்பது.

சுதேஷ்ணா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். "அன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"ஆமா மிஸ்" என்றாள் நிவேதிதா. அவள் சொன்ன வேகத்திலேயே அது உண்மையில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. சுதேஷ்ணா மேற்கொண்டு கேட்கவில்லை. விதியை வாசிக்கச் சொன்னாள். வாசித்தாள். திரும்ப வாசிக்கச் சொன்னாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் விதியில் இரண்டாவது அர்த்தத்துக்கு இடமில்லை. எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும்.

"யோசிச்சு வா" என்று அனுப்பிவைத்தாள்.

அடுத்த வாரம் அப்பா வந்தார். முத்துக்குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான மனிதர். சட்டையை அயர்ன் செய்து, ஷூ பளபளக்க வந்திருந்தார். வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு ஓர் அதிகாரி இவ்வளவு சாவகாசமாக வந்திருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. நிவேதிதாவும் கூட வந்தாள். அவளை வெளியே நூலகத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்தார்.

ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார். ஒரு கன்சல்டன்டிடம் விசாரித்தாராம். அந்த இரண்டாவது மதிப்பெண்ணை எங்கேயும் காட்ட வேண்டாம், யாரும் போய்ச் சரிபார்ப்பதில்லை, எல்லாரும் செய்வதுதான் என்று அவர் சொன்னாராம்.

"எல்லாத்தையும் அனுப்பியாச்சுன்னு விண்ணப்பத்துல நிவேதிதா கையெழுத்துப் போடணும், சார்" என்றாள் சுதேஷ்ணா. "கன்சல்டன்ட் போட மாட்டார்."

அவருக்குக் கோபம் வந்தது. "கையெழுத்தா? ஒழுங்கா கையெழுத்துப் போட்டவன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியும், மேடம்!" என்றார். அதற்கு மேல் ஆங்கிலம் ஓடவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் கொட்டினார். "என்னைய சஸ்பெண்ட் பண்ணி வெச்சிருக்காங்கம்மா. ஒரு டெண்டர் விஷயம். விசாரணை நடக்கு. நான் தப்பு பண்ணலைன்னு யார்கிட்ட சொல்ல? இந்தப் பிள்ளையாவது தப்பிச்சு நல்லா இருக்கட்டும்னு பாக்கேன். அதுக்கும் ஒரு நாள் மார்க் குறுக்க நிக்குது."

நான் சுதேஷ்ணாவுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். என்ன டெண்டர், எவ்வளவு தொகை, நிஜமாகவே தவறு நடந்ததா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை. தேநீர் வரவழைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி, மகளுடைய மூன்று மதிப்பெண் தாள்களையும் அடுத்தடுத்துக் காட்டினாள். அவர் அதுவரை அவற்றை முழுசாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வீட்டில் மொத்தக் கூட்டுத்தொகை மட்டும்தான் பேச்சாக இருந்திருக்கும்.

அவர் கண் ஆகஸ்ட் தாளில் நின்றது. மதிப்பெண்ணில் இல்லை, மேலே தேதியில். கோப்பையைக் கீழே வைத்தார்.

"வியாழக்கிழமைதாம்மா எனக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துச்சு" என்றார் என்னிடம். "இது அந்தச் சனிக்கிழமை."

தேதியின் மேல் விரலை வைத்தார்.

"நல்லா எழுதினேன்ப்பான்னு சொன்னா. மார்க் வந்தப்ப, சும்மா பழகிப் பாக்க எழுதினதுன்னு சொல்லிட்டா. நானும் நம்பிட்டேன். எனக்கு அப்ப எதையும் பாக்கத் தோணல." பிறகு அடுத்த எண்ணைக் காட்டி, "கணக்கு மட்டும் எப்படி இப்படி வாங்கியிருக்கா?" என்றார்.

நான் அதை வங்காளத்தில் சொன்னதும் சுதேஷ்ணா எழுந்தாள். "அவளையே கேக்கலாம்" என்று நூலகத்திலிருந்து அவளைக் கூட்டிவந்தாள்.

நிவேதிதா அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். "முதல்ல ஆங்கிலம் வந்துச்சு. படிக்கப் படிக்க எதுவும் மனசுல ஏறல. ஒரே பாராவையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தேன். இடைவேளை விட்டாங்க. முகம் கழுவிட்டு வந்தேன். கணக்கு வந்தப்ப சரியாயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். எந்த யோசனையில் முகத்தைக் கழுவினாள், எப்படி மறுபடி வந்து உட்கார்ந்தாள் என்பதெல்லாம் அவளோடு.

முத்துக்குமார் சுதேஷ்ணாவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். "நீங்க ஸ்கூல் சார்பா ஒரு கடிதம் எழுதுவீங்க இல்லையா? அதுல எழுதுங்க. அப்பா சஸ்பெண்ட் ஆன வாரம்னு எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. எனக்கு ஒண்ணுமில்லை."

"வேண்டாம்" என்றாள் நிவேதிதா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. இதைச் சொன்னா அவங்க புரிஞ்சுக்குவாங்க."

"அவங்க புரிஞ்சுக்குவாங்கப்பா. ஆனா அந்தத் தாள்ல நீங்க சஸ்பெண்ட் ஆனவராவே இருப்பீங்க. நாளைக்கு விசாரணை முடிஞ்சு உங்க மேல தப்பில்லைன்னு ஆனாலும், அங்க யாரும் போய்த் திருத்தப் போறதில்லை. எனக்கு ஸீட் வாங்குறதுக்கு உங்களை அப்படி எழுதிக் குடுக்க மாட்டேன்."

அவர் வாதாடினார். அவள் கேட்கவில்லை. தமிழில் ஆரம்பித்து நடுவில் வங்காளத்துக்குப் போய்விட்டாள், அழுகை வரும்போது அவளுக்கு அந்த மொழிதான் வரும். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்பாவின் கட்சிதான் சரி என்று பட்டது. ஒரே ஒரு வரி எழுதினால் போதுமே.

சுதேஷ்ணா கடைசியில் பேசினாள். "சார், நீங்க அனுமதி குடுத்தது பெரிய விஷயம். ஆனா பரீட்சை எழுதினவ இவ. மார்க்கை அனுப்புறது விதி. காரணத்தைச் சொல்றது விதி இல்லை, அது இவளோட சொத்து." பிறகு நிவேதிதாவிடம், வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "நீ என்ன முடிவு பண்றே?"

"மூணையும் அனுப்புங்க, மிஸ். காரணம் எதுவும் எழுத வேண்டாம்."

"மத்த கல்லூரிகளுக்கு? அங்க ஆகஸ்ட் மார்க்கை நீ விட்டுடலாம். அது உன் உரிமை."

நிவேதிதா திரையைப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் மூணும் போகட்டும். என் நல்ல கணக்கு அதுலதானே இருக்கு" என்றாள்.

சுதேஷ்ணா சிரித்தாள். அன்றைக்கு அந்த அறையில் அவள் ஒருத்திதான் சிரித்தாள்.

பள்ளியின் கடிதத்தை அவள் எழுதியதை நான் கூட இருந்து பார்த்தேன். பல தடவை அடித்து எழுதினாள். நிவேதிதா தன் பரிசோதனைக்காக ஆற்று வண்டலைப் பாட்டில்களில் பிடித்துவந்து ஜன்னலோரம் வரிசையாக வைத்ததைப் பற்றி இருந்தது. ஒரு ஜூனியர் பிள்ளைக்கு அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்தது இருந்தது. ஆகஸ்ட் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை அந்தக் கண்டிப்பான பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கை அதிகாரி ஒருவர் வீடியோவில் பேச வேண்டும் என்றார். நமக்கு மாலை, அவர்களுக்குக் காலை. எப்போதாவது இப்படிக் கேட்பார்கள். கேட்டாலே விண்ணப்பம் கடைசி வட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சுதேஷ்ணா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

அதிகாரி மரியாதையான இளம்பெண். நிவேதிதாவின் ஆற்று மண் கட்டுரையை மிகவும் ரசித்ததாகச் சொன்னார். அப்புறம் கேட்டார். இந்த இரண்டாவது மதிப்பெண்ணைப் பற்றிக் குழுவில் ஒரு கேள்வி இருக்கிறது. அன்றைக்கு ஏதாவது நடந்ததா? நீங்கள் சொல்வது எங்களுக்கு உதவியாக இருக்கும்.

அவர்களே கேட்கிறார்கள். மேசைக்குக் கீழே சுதேஷ்ணாவின் முழங்கையைத் தொட்டேன், சொல்லிவிடு என்று.

சுதேஷ்ணா அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள். "நடந்தது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டாம் என்று மாணவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் நான் சொல்ல மாட்டேன். என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். அது தெரிந்த பிறகு அவள் மேல் எனக்கு மதிப்பு கூடியது. நீங்கள் அந்தத் தாளை இன்னொரு முறை பாருங்கள். எது முதலில் எழுதியது, எது அடுத்து எழுதியது என்று மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவேளைதான் இருந்தது."

திரையில் அந்தப் பெண் குனிந்து எதையோ பார்த்தார். "பார்க்கிறேன். நன்றி" என்றார். அழைப்பு முடிந்தது.

"ஒரு வரி, சுதேஷ்ணா. ஒரே ஒரு வரி" என்றேன்.

"அந்த ஒரு வரி நம்மளோடது இல்லை, மீனா-தி" என்றாள். கழற்றிய கண்ணாடியை மேசையிலேயே மறந்துவிட்டு எழுந்தாள். அவளுக்கும் சுலபமாக இருக்கவில்லை.

மார்ச் கடைசியில் முடிவுகள் வந்தன. அந்தப் பல்கலைக்கழகம் இடம் தரவில்லை. காரணம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் இல்லை. சுதேஷ்ணா செய்தியைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். "நான் சொல்லியிருந்தா கிடைச்சிருக்கலாம்" என்று வெளியே பார்த்தபடியே சொன்னாள். நான் மறுக்கவில்லை. கிடைத்திருக்கலாம். அவள் அதை மழுப்பாமல் சொன்னதில்தான் எனக்கு அவள் மேல் இன்னும் பெரிய மரியாதை வந்தது. அதே நிலைமை மறுபடி வந்தாலும் அவள் அதையேதான் செய்வாள் என்றும் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு கல்லூரியின் முடிவு வந்தது. அமெரிக்காவின் வடக்கே, ஓர் ஏரிக்கரையில், குளிர் அதிகமான ஊர். மூன்று மதிப்பெண்ணையும் வாங்கிக்கொண்டு நல்ல ஆங்கிலத்தையும் நல்ல கணக்கையும் சேர்த்துப் பார்க்கிற இடம். ஆகஸ்ட் கணக்கும் அக்டோபர் ஆங்கிலமுமாக ஆயிரத்து ஐந்நூற்று இருபது. முழு உதவித்தொகையோடு இடம் தந்திருந்தார்கள். அந்தக் கன்சல்டன்ட் சொன்னபடி ஆகஸ்டை விட்டிருந்தால் அந்தக் கூட்டுத்தொகை வந்திருக்காது. நிவேதிதா இப்போது அங்கேதான் படிக்கிறாள். அவள் அப்பாவின் விசாரணை அடுத்த வருஷம் முடிந்தது. குற்றச்சாட்டு நிற்கவில்லை. வேலையில் மறுபடி சேர்த்து விசாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். ஆனால் நான் சொல்ல நினைப்பது, அது எதுவும் முடிவாகாமல் இருந்தபோது நடந்தது.

இடம் கிடைத்த மறுநாள் முத்துக்குமார் நன்றி சொல்ல வந்தார். மகளும் கூட இருந்தாள். சுதேஷ்ணாவுக்கு மிஷ்டி, பாலில் செய்த சந்தேஷ் இனிப்பு, கொண்டுவந்திருந்தார். எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அப்புறம் அவர் கேட்டார். "அந்த இன்னொரு இடத்துல இருந்து உங்ககிட்ட பேசினாங்கன்னு பிள்ள சொன்னா. கேட்டாங்களா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு?"

"கேட்டாங்க."

"நீங்க சொல்லல."

"சொல்லலை" என்றாள் சுதேஷ்ணா.

"என்ன சொன்னீங்க?"

அந்த அதிகாரியிடம் தான் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தமிழ்ல ஒருக்கா சொல்லுங்கம்மா" என்றார். புரியாமல் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சொன்னேன். காரணம் தெரியும், சொல்ல வேண்டாம் என்று மாணவி கேட்டுக்கொண்டிருக்கிறாள், அது தெரிந்த பிறகு அவள் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

அவர் கையில் இருந்த சந்தேஷைத் தட்டில் வைத்தார். எழுந்தார். சுதேஷ்ணாவைப் பார்த்துக் கை கூப்பினார். அவளும் எழுந்து கும்பிட்டாள்.

கதவருகே போனவர் மகளிடம், "அங்க ரொம்பக் குளிருமாமே. கரியாஹாட்டுக்கு நடந்து போய் உனக்கு என்னெல்லாம் வேணும்னு பாத்துட்டுப் போவோமா?" என்றார்.

வங்காள வருஷம் முடிகிற சைத்ர மாதம். கரியாஹாட்டில் தள்ளுபடி விற்பனை. நடைபாதை முழுக்கத் தலைகளாக இருக்கும். குவார்ட்டர்ஸில் இருக்கிற அத்தனை குடும்பமும் அங்கேதான் இருக்கும்.

நிவேதிதா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். என் பக்கம் குனிந்து, தமிழில், மெல்லச் சொன்னாள். "ஆன்ட்டி, ஆகஸ்ட்லேர்ந்து அப்பா பால் வாங்கக்கூட வெளிய வந்ததில்லை. இங்க வர்றதுன்னாகூட டாக்சியிலதான் வருவார்."

"இப்பவாப்பா?" என்றாள் அவரிடம். "நம்ம ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க."

"இருக்கட்டும்" என்றார். "நீ எங்க படிக்கப் போறேன்னு கேப்பாங்கல்லா, சொல்லுவோம்."

நானும் சுதேஷ்ணாவும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தோம். பள்ளி வாசலைத் தாண்டியதும் ஒரு டாக்சி அவர்கள் பக்கம் வந்து நின்றது. அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, மகளோடு கடைத்தெருப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.